பூச்சாண்டி எங்கே பிறக்கிறான்?

மனோதத்துவம் நம் வீட்டில்
– திருமழிசையிலிருந்து ஓர் இல்லத்தரசி



இந்தத் தடவை ஓர் இளம் தாயின் கடிதத்தோடு ஆரம்பிக்கிறேன். அவர் எழுதுகிறார்:

"என் பையனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அந்த வயதுக்கு உள்ள தடுப்பூசியைப் போட்டுவிடும்படி அங்கன்வாடி டீச்சர் மூன்று தடவை சொல்லிவிட்டார். இவனோ ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் திரும்பினாலே உடம்பை விறைத்துக்கொண்டு அலறுகிறான். வெள்ளைக் கோட்டு போட்ட யாரைக் கண்டாலும் என் முந்தானைக்குள் ஒளிகிறான். முடிவெட்டும் கடைக்காரர் வெள்ளைத் துணியை உதறினால்கூட அழுகை! இது பிறவி சுபாவமா? மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொல்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?"

தாயத்துக் கட்டுவதும் கட்டாததும் உங்கள் இஷ்டம் அம்மா. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் உண்டு. பெரிய சத்தம் கேட்டால் கைக்குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடுமே, அது பிறவியில் வருவது. சில குழந்தைகள் இயல்பிலேயே கொஞ்சம் கூச்சமாக, மிரட்சியாக இருப்பதும் உண்டு. ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டு மிரளும் குழந்தை எதுவும் பிறப்பதில்லை. அது கற்றுக்கொண்ட பயம். எப்படிக் கற்றது என்று தெரிந்துகொண்டால், அதை மாற்றும் வழியும் தெரிந்துவிடும்.

மனோதத்துவம் என்றதும் அது ஏதோ படித்தவர்கள் சமாசாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். கல்கத்தா சர்வகலாசாலையில் 1916-லும், நம் சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1943-லும் இதற்கென்றே தனித் துறை ஏற்பட்டுவிட்டது. நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள்தான். நாத்தனார் மகள் கல்லூரியில் இந்தப் பாடத்தை எடுத்தபோது அவளுடைய முதல் வருடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. விஷயம் எல்லாம் நம் சமையலறையிலும் கூடத்திலும் தினமும் நடப்பதுதான்.

நாயின் எச்சிலும் குக்கர் விசிலும்

ருஷ்யாவில் ஐவான் பாவ்லாவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். சாப்பாடு எப்படி ஜீரணமாகிறது என்று ஆராய்ந்து 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்களுக்கு எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று அளந்துகொண்டிருந்தபோது ஒரு வேடிக்கையைக் கவனித்தார். சாப்பாட்டை வாயில் வைத்த பிறகு எச்சில் ஊறுவது இயற்கை. இந்த நாய்களுக்கோ, சாப்பாடு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தம் கேட்டதுமே ஊற ஆரம்பித்தது.

உடனே அவர் வேறு சத்தங்களை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சாப்பாடு. இப்படிப் பல தடவை செய்த பிறகு, சாப்பாடே இல்லாமல் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டால்கூட எச்சில் ஊறியது. சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்து வந்து, மனசுக்குள் ஒன்றோடு ஒன்று முடிச்சு விழுந்துவிட்டது. புத்தகத்தில் இதற்கு 'ஆக்கநிலையுறுத்தல்' என்று பெயர். நாம் முடிச்சு என்றே வைத்துக்கொள்வோம்.

நம் வீட்டில் இது நடக்கவில்லையா? மூன்றாவது விசில் வந்ததும் "அம்மா, பசிக்குது" என்று வந்து நிற்கிறார்களே பிள்ளைகள், அது ஒரு முடிச்சு. தெருக்கோடியில் சோன்பப்டி வண்டி மணி கேட்டதும் நாக்கு ஊறுவது இன்னொன்று. எங்கள் ஊர் ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் துளசி வாசனை வந்ததும் எனக்கு மனசு ஒரு நிதானத்துக்கு வந்துவிடும். சின்ன வயசிலிருந்து அந்த வாசனையும் அந்த அமைதியும் சேர்ந்தே வந்திருக்கின்றன, அதனால்தான்.

நல்லதற்கு விழுவது போலவே பயத்துக்கும் முடிச்சு விழும்.

ஆல்பர்ட் என்ற குழந்தை

1920-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான் வாட்சன் என்பவரும் அவருடைய மாணவி ரோசலி ரேய்னரும் ஒரு சோதனை செய்தார்கள். 'ஆல்பர்ட்' என்று புத்தகங்களில் குறிப்பிடப்படும் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். வெள்ளை எலி, முயல், நாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். குழந்தைக்குப் பயமே இல்லை. கை நீட்டித் தொடப் பார்த்தது.

பதினோராவது மாதத்தில் மறுபடி எலியைக் காட்டினார்கள். குழந்தை ஆசையாகக் கை நீட்டும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தடியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாள், மொத்தம் ஏழே தடவை. அதன் பிறகு சத்தமே இல்லாமல் எலியைக் காட்டினாலும் குழந்தை அழுதுகொண்டு வேகமாகத் தவழ்ந்து ஓடியது.

பயம் எலியோடு நிற்கவும் இல்லை. சில நாளில் முயலைக் கண்டு பயம், நாயைக் கண்டு பயம், ரோமக் கோட்டைக் கண்டுகூடப் பயம். ஒன்றின் பேரில் வந்த பயம் அதன் சாயல் உள்ள எல்லாவற்றின் மேலும் படர்ந்துவிட்டது. கடிதம் எழுதிய சகோதரியே, முடிவெட்டும் கடைக்காரரின் வெள்ளைத் துணிக்கு உங்கள் பையன் ஏன் அழுகிறான் என்று இப்போது புரிகிறதா?

அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்காமலே சோதனையை முடித்துவிட்டார்கள். இன்று அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். படிக்கும்போதே நமக்கு வயிறு பதறுகிறது. ஆனால் இரும்புத் தடியே இல்லாமல் இதே காரியம் எத்தனை வீடுகளில் அன்றாடம் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாய்க்கடியின் கதை

"சாப்பிடலேன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்." "தூங்கு, இல்லேன்னா பிள்ளை பிடிக்கிறவன் வந்துடுவான்." "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும்." "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்."

சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. கையில் கரண்டி, அடுப்பில் குழம்பு, இடுப்பில் இன்னொன்று. அந்த நேரத்துக்கு அந்த ஒரு வார்த்தையில் காரியம் ஆகிவிடுகிறது. ஆனால் பூச்சாண்டியை யாரும் நேரில் பார்ப்பதில்லை. டாக்டரை, நர்ஸை, போலீஸ்காரரை நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது. இவர்கள் ஆபத்துக்கு உதவ வேண்டியவர்கள்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பையன். தெருநாய் போட்ட குட்டியோடு விளையாடப் போய், தாய் நாய் அவன் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பையன் வீட்டில் சொல்லவே இல்லை. முழுக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் சுற்றியிருக்கிறான். மூன்றாம் நாள் அவன் தங்கைதான் போட்டு உடைத்தாள். "அண்ணனை நாய் கடிச்சிடுச்சு, சொன்னா அடிப்பேன்னு சொல்லுச்சு" என்று.

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்ல வேளை, தடுப்பூசிகள் ஒழுங்காகப் போடப்பட்டுப் பையன் இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் வெறிநாய்க்கடி நோய் ஒரு தடவை வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதே கிடையாது. இரண்டு நாள் அவன் மறைத்தது எவ்வளவு பெரிய ஆபத்து!

"ஏண்டா என்கிட்ட சொல்லலே?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை நான் மறக்கவே முடியாது.

"சேட்டை பண்ணினா ஊசின்னு நீதானேம்மா சொல்லுவே? நாய்கிட்ட போனது சேட்டைதானே?"

பார்த்தீர்களா! ஊசி என்பது உயிர் காக்கும் மருந்து என்று அந்தப் பிஞ்சு மனசுக்குத் தெரியாது. தப்புக்குத் தண்டனை என்றுதான் முடிச்சு விழுந்திருந்தது. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவளை அப்படித்தான் வளர்த்தார்கள், அவள் அம்மாவையும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நாய் கடித்தால், பிராண்டினால்கூட, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டக் கூடாது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இப்போது மேல் கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். இதைப் பெரிய குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள். "நாய் கடிச்சா, பூனை பிராண்டினா உடனே சொல்லணும். சொன்னா திட்டவே மாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தானாகச் சரியாகிவிடாதா?

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். சில பயங்கள் அப்படிப் போய்விடும், வாஸ்தவம்தான். எங்கள் ஊர் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை. ராப்பகல் லாரி ஓட்டம். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் முதல் ராத்திரி கண்ணை மூடமாட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவோம். ஒரே சத்தம் கெடுதல் எதுவும் செய்யாமல் திரும்பத் திரும்ப வந்தால், மனசு அதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறது. 'பழகிப்போதல்' என்பது மனோதத்துவத்தின் அரிச்சுவடிகளில் ஒன்று.

ஆனால் ஒரு விஷயம் பழகிப்போக வேண்டுமானால் அது கண்ணெதிரே வந்துகொண்டிருக்க வேண்டும். பயந்த குழந்தை என்ன செய்கிறது? ஓடிவிடுகிறது. நாமும் பாவம் என்று திரும்பி வந்துவிடுகிறோம். தெரு திரும்பியதும் குழந்தைக்கு 'அப்பாடா' என்று இருக்கிறது. ஓடியதால் தப்பித்தோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் முன்னாலேயே ஓடப் பார்க்கிறது. தப்பித்து ஓட ஓட முடிச்சு இறுகுகிறது.

சரி, கையைக் காலைப் பிடித்து அமுக்கி ஊசியைப் போட்டுவிட்டால்? அது இரும்புத் தடியை இன்னொரு தடவை அடிப்பதுதான்.

பீட்டரும் முயலும்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்து காட்டியவர் ஒரு பெண்மணி. மேரி கவர் ஜோன்ஸ் என்று பெயர். 1924-ல் அவர் எழுதிய கட்டுரையில் வருகிற பீட்டர் என்ற பையனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. முயலைக் கண்டால் நடுக்கம். ரோமக் கோட்டு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம். ஆல்பர்ட்டைப் பார்த்தது போலவே இல்லை?

அந்த அம்மையார் அவசரப்படவில்லை. பீட்டருக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்கார வைத்தார். கூண்டில் அடைத்த முயலை அறையின் கோடியில், அவன் சாப்பாட்டை நிறுத்தாத தூரத்தில் வைத்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில், பிறகு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் என்று நகர்த்திக்கொண்டே வந்தார். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் நடுநடுவே கூட விளையாடவிட்டார். நடுவில் ஒரு தடவை பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போய், பழைய பயம் திரும்பவும் வந்தது. அவர் சலித்துக்கொள்ளவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். தன் விரலை அது கொறிக்கக்கூட விட்டான்.

பயத்தின் பக்கத்தில் சந்தோஷத்தைக் கொண்டுபோய் வைத்தார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நூறு வருடம் ஆகியும் டாக்டர்கள் இன்றும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

கடிதம் எழுதிய சகோதரிக்கும், அதே கஷ்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வழிமுறை சொல்கிறேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். குழந்தை மிரண்டால் ஒரு படி இறங்கி மறுபடி ஏறுங்கள்.

முதலில் வீட்டில் டாக்டர் விளையாட்டு. ஊசி இல்லாத பிளாஸ்டிக் மருந்துக் குழாயில் தண்ணீர் ஊற்றி, பொம்மைக்குக் குழந்தையே 'ஊசி' போடட்டும். பொம்மைக்கு வலித்தால் என்ன சொல்லித் தேற்றுவது என்று அதையே கேளுங்கள்.

அடுத்து, ஆஸ்பத்திரித் தெரு வழியாகச் சும்மா ஒரு நடை. உள்ளே போக வேண்டாம். அதற்குப் பிடித்த கடலைமிட்டாயோ வாழைப்பழமோ தின்றுகொண்டே போய் வாருங்கள்.

பிறகு வாசல் வரை. அப்புறம் உள்ளே போய், எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கித் திரும்புங்கள். நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சிரித்துப் பேசி அனுப்புவார்கள். நம் பக்கத்து சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள், கூட்டமும் அழுகையுமாக இருக்கும். ஒத்திகைக்கு வேறு கிழமை பாருங்கள்.

ஊசி போடும் அன்று பொய் சொல்லாதீர்கள். "கோயிலுக்குப் போறோம்" என்று அழைத்துப் போனால், அடுத்த தடவை கோயிலுக்கே வரமாட்டான். "வலிக்கவே வலிக்காது" என்றும் வேண்டாம். "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ளே சரியாயிடும். நான் உன்னைப் பிடிச்சுட்டே இருப்பேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

குழந்தையைப் படுக்க வைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையானால் ஊசி போடும்போதே பால் கொடுக்கலாம். பெரிய குழந்தையை ஊதல் ஊதச் சொல்லலாம், கதை சொல்லலாம். இவை வலியைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-ல் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, உங்கள் முகம். 1985-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த ஒரு மேஜையில் தவழவிட்டார்கள். பாதி தூரத்தில் கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். கண்ணாடி இருப்பதால் விழ முடியாது. அந்தப் பக்கம் தாய் நிற்பாள். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். தாய் பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒன்றுகூட வரவில்லை! ஊசி முனையைப் பார்த்து நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால், குழந்தை உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். உங்களுக்கே தாங்காது என்றால் வெட்கப்பட வேண்டாம். அப்பாவையோ அத்தையையோ மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அழுகைக்குக் கூலி

பயம் ஒன்று, அடம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடையில் குழந்தை சிப்ஸ் பாக்கெட் கேட்டுத் தரையில் புரளுகிறதே, அது பயம் இல்லை. அங்கே வேறு கணக்கு.

பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்டது இது. எந்தக் காரியத்துக்குப் பலன் கிடைக்கிறதோ அந்தக் காரியம் வளரும். ஒவ்வொரு தடவையும் பலன் கிடைத்ததைவிட, சில தடவை கிடைத்துச் சில தடவை கிடைக்காமல் இருந்ததுதான் லேசில் விடாத பழக்கமாக ஆகிறது.

யோசித்துப் பாருங்கள். நாலு நாள் "செல்போன் கிடையாது" என்று கண்டிப்பாக இருக்கிறோம். ஐந்தாம் நாள் விருந்தாளி வந்திருக்கிறார்கள், குழந்தை வீறிடுகிறது, மானம் போகிறதே என்று கையில் கொடுத்துவிடுகிறோம். குழந்தை கற்றுக்கொள்வது என்ன? 'இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் கிடைக்கும்' என்பதைத்தான்.

இல்லை என்றால் இல்லைதான். கொடுப்பதாக இருந்தால் அழும் முன்பே கொடுத்துவிடுங்கள். கண்டிப்பாக இருக்க ஆரம்பித்த முதல் சில நாள் அடம் குறையாது, அதிகமாகும். அதைப் பார்த்துப் பயந்து நடுவில் விட்டுவிடாதீர்கள். கூடவே, அழாமல் கேட்ட நேரத்தில் கவனித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நல்லதாக இருக்கும்போது கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, அழும்போது மட்டும் ஓடி வந்தால், அழுகைக்குத்தான் கூலி கொடுக்கிறோம்.

அடித்தால் உடனே அடங்கும். ஆனால் அதுவும் ஆல்பர்ட் கதைதான். பயம் செய்த தப்போடு மட்டும் சேராது, அடித்தவரோடும் சேரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்லிவிட்டது.

பெரியவர்கள் மனம் கோணாமல்

"நான் சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் பெரியவர்கள் பூச்சாண்டி காட்டுகிறார்களே?" என்று பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. "அத்தை, அப்படிச் சொல்லாதீங்க, புஸ்தகத்துலே தப்புன்னு போட்டிருக்கு" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

வேலையை மாற்றிக் கொடுங்கள். "அத்தை, நீங்க கதை சொன்னாத்தான் இவ நாலு வாய் அதிகமா சாப்பிடுறா" என்று சொல்லிப் பாருங்கள். பூச்சாண்டிக்குப் பதில் கதை வந்துவிடும். "டாக்டருக்கு இவன் பயப்படுறான் அத்தை. டாக்டர்தான் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணிச் சரியாக்கினாருன்னு நீங்களே ஒருநாள் சொல்லுங்களேன், உங்க பேச்சைத்தான் கேட்பான்" என்று கேட்டால் எந்தப் பாட்டி மறுப்பார்? அவருக்கும் பேரன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே ஆசை!

கீழ்ப்பாக்கம் என்ற சொல்

எல்லாப் பயத்தையும் வீட்டிலேயே தீர்த்துவிட முடியாது. குழந்தை மாதக் கணக்கில் பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, தினமும் தூக்கத்தில் அலறினாலோ, பழையபடி படுக்கையில் மூத்திரம் போக ஆரம்பித்தாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் ஒடுங்கிப் போனாலோ, உடனே கவனிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை ரொம்பவே கவனியுங்கள். அங்கே பயத்துக்கு உண்மையான காரணம் இருக்கலாம். அந்தப் பயத்தைப் போக்குவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "கீழ்ப்பாக்கமா!" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். இதுவும் ஒரு முடிச்சுத்தான், பெரியவர்களுக்குள் விழுந்த முடிச்சு. நாம் சின்ன வயதிலிருந்து சினிமாவிலும் திண்ணைப் பேச்சிலும் அந்த ஊர்ப் பெயரோடு கேலியைச் சேர்த்தே கேட்டிருக்கிறோம். அதனால் பெயரைக் கேட்டாலே கால் பின்வாங்குகிறது.

அந்த மனநல ஆஸ்பத்திரி 1794-ல் ஆரம்பித்தது. அதன் தலைமைப் பொறுப்பை 1961-லிருந்து 1978 வரை ஒரு பெண்மணி வகித்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி, மனநோயாளிகளின் மறுவாழ்வுக்காகப் பாடுபட்டார். 1992-ல் பத்மபூஷண் பெற்றார். 98 வயது வரை வாழ்ந்து 2021 டிசம்பரில் காலமானார். கீழ்ப்பாக்கம் என்றதும் நமக்கு இனி இவர் முகம் நினைவுக்கு வரட்டும்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'டெலி மானஸ்' என்று மத்திய அரசாங்கம் 2022-ல் ஆரம்பித்த இலவச சேவை. ராப்பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைக்காக மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்று உள்ளுக்குள் புழுங்கும் இளம் தாய்மார்களும் கூச்சப்படாமல் பேசுங்கள்.

இந்தப் பதினைந்து நாளுக்கு

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். காலண்டர் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டில் யார் எதைச் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்தினாலும், அன்றைய தேதியில் ஒரு கோடு. யாரையும் திட்ட வேண்டாம், கோடு மட்டும் போதும். முதல் வாரத்தில் எத்தனை, இரண்டாம் வாரத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கோடு போடுகிறோம் என்று தெரிந்தாலே பாதி குறைந்துவிடும்.

ஐந்து வயதுத் தடுப்பூசி பாக்கி உள்ளவர்கள் இன்றைக்கே டாக்டர் விளையாட்டை ஆரம்பித்துவிடுங்கள். ஒத்திகைக்காக ஊசியை மாதக் கணக்கில் தள்ளிப் போட வேண்டாம். இரண்டு வாரம் போதும். முதல் தடவை கொஞ்சம் அழுதாலும் பாதகமில்லை, அடுத்த தடவை குறையும்.

அடுத்த இதழில் ஞாபகசக்தி பற்றிப் பார்க்கலாம். ராத்திரி முழுக்க உருப்போட்ட பாடம் காலையில் பரீட்சை ஹாலில் ஏன் மறந்து போகிறது? அடுக்களைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்று நாமே ஏன் திகைத்து நிற்கிறோம்? உங்கள் வீட்டு அனுபவங்களை எழுதுங்கள் சகோதரிகளே.